விரிசலைத் தைக்கும் சந்து

தில்லி கரோல் பாக் சந்தையில் உடைந்த பைக் பிளாஸ்டிக்குக்கு மறுவாழ்வு கிடைக்கிறது. கூடவே ஒரு சங்கடமான கேள்வியும்.

கல்யாணத் துணிக் கடைகளையும் நகைக் கடைகளையும் தாண்டி நாயீவாலா சந்துக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது வாடைதான். என்ஜின் ஆயில், பெயின்ட், இரண்டையும் மீறி உருகும் பிளாஸ்டிக்கின் நெடி. பெயரைக் கேட்டு யாரும் நாயைத் தேட வேண்டாம். இந்தியில் நாயீ என்றால் நாவிதர். இன்று இந்தச் சந்திலும் சுற்றியுள்ள தெருக்களிலும் உட்கார்ந்து சிங்காரித்துக்கொள்பவை மோட்டார் சைக்கிள்கள்.

தில்லித் தமிழர்களுக்குக் கரோல் பாக் புதிய இடமல்ல. மத்திய அரசு வேலை கிடைத்து ரயிலேறி வந்த ஒரு தலைமுறை வாடகை அறை தேடி அலைந்த பகுதி இது. அவர்களுடைய பேரன்கள் வருவது வேறு காரியத்துக்காக. லடாக் போகிற புல்லட்டுக்குக் கேரியர், லெக் கார்டு, பெட்ரோல் கேன். ஊருக்குள் ஓடுகிற பைக்குக்கு விளக்கு, கண்ணாடி, சைலன்சர். சென்னைக்குப் புதுப்பேட்டை, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், பெங்களூருக்கு ஜே.சி. ரோடு என்றால் தலைநகருக்குக் கரோல் பாக்.

என் காரியம் சின்னது. வாசலில் நிறுத்தியிருந்த 150 சிசி பைக்கை, ரிவர்ஸ் எடுத்த கார் ஒன்று லேசாகத் தட்டிவிட்டது. பைக் சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் என்ஜினை மூடியிருக்கும் ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் உறையில், வலது பக்கம், ஸ்குரூ துளையிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு விரிசல். உள்ளே ஒரு லாக்கும் முறிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் முழு பேனலையும் மாற்றச் சொன்னார்கள். பாகம் வர மூன்று வாரம், ஸ்டிக்கர் தனி விலை.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் புரட்டினேன். வழக்கமான முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், நைலான், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். கண்ணாடியிழைக்கு 30 சதவீதம். 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பு வாங்கியவர்கள் தப்பலாம். நான் வாங்கவில்லை. கிடைக்கிற பாதிக்காக விண்ணப்பித்தால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருந்த பிரீமியத் தள்ளுபடியும் போய்விடும். பேனலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

மிஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். கடை என்று சொல்வது மிகை. ஒரு ஷட்டருக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு மர ஸ்டூல், ஒரு பிளக் பாயின்ட், சுவரில் தோரணமாகத் தொங்கும் மட்கார்டுகள். பேனலை வாங்கியவர் பளபளக்கும் முன்பக்கத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓட்டுவதற்கா பாயி சாப், விற்பதற்கா?"

விற்பதற்குத்தான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பைக்கைப் பார்க்க அடுத்த வாரம் வருவதாக இருந்தான். ஆனால் வாயில் வந்தது, "ஓட்டுவதற்குத்தான்."

"அப்படியானால் உட்காருங்கள். நேரமாகும்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவரே சொன்னார். விற்பதற்கென்றால் ஒரு மணி நேர வேலை. விரிசலில் சோடா உப்பைத் தூவி, உடனடிப் பசையைச் சொட்டினால் நொடியில் கல்லாகிவிடும். மேலே பட்டி, பெயின்ட். கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் அது வளையாத கல். முதல் பள்ளத்தில் பக்கத்திலேயே புது விரிசல் விடும். ஓட்டுவதற்கென்றால் வேலை உள்ளேயிருந்து தொடங்க வேண்டும்.

அவர் தொழில் கற்றபோது பிளாஸ்டிக்கே கிடையாது. குருநாதர் தகரத்தில் டென்ட் எடுப்பவர். புல்லட், ராஜ்தூத், சேத்தக் எல்லாம் இரும்புத் தகட்டு உடம்புக்காரர்கள். சுத்தியலும் கேஸ் வெல்டிங்கும் போதும். 2003-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பாதி ஃபேரிங்குடன் வந்தது. 2008-ல் யமஹா ஆர்15 தலை முதல் அடிவரை போர்த்திக்கொண்டு வந்தது. இப்போது பல ஸ்கூட்டர்களும் பிளாஸ்டிக் உடையில்தான் உலாவுகின்றன. சுத்தியல் மூலைக்குப் போக, சால்டரிங் அயர்ன் கைக்கு வந்தது.

பேனலின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததைக் காட்டினார்: ஏபிஎஸ். இதைப் படிக்காமல் தொடுபவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவர் கட்சி. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். பழைய துண்டுகளை அதில் ஊறவைத்தால் களிபோலாகி, அதே இனத்தோடு ஒன்றாகிவிடும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், அசிட்டோனில் கரையாது. சாதாரணப் பசையும் அதில் பிடிக்காது. அதே பிபி குச்சியை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும். இரண்டையும் உருக்கிக் கலந்தாலும் ஒட்டாது. எண்ணெயும் தண்ணீரும் மாதிரி.

வேலை தொடங்கியது. விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை. கிழிசலின் கடைசியில் தையல்காரர் முடிச்சுப் போடுவதுபோல, விரிசல் மேலும் ஓடாமலிருக்க. பிறகு உள்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் பள்ளம் பறித்தார். சூடான சால்டரிங் அயர்ன் முனையால் இரண்டு ஓரங்களையும் விட்டுவிட்டு உருக்கிச் சேர்த்தார். டீ வடிகட்டியில் இருப்பதுபோன்ற எஃகுக் கம்பி வலையில் ஒரு துண்டு வெட்டி, குறுக்கே வைத்துச் சூட்டோடு அழுத்தினார். கான்கிரீட்டுக்குள் கம்பி போகிற மாதிரி வலை பிளாஸ்டிக்குக்குள் இறங்கியது. மேலே ஏபிஎஸ் களி. முறிந்த லாக்குக்குப் பதிலாக, குப்பைக்கு வந்த வேறொரு பேனலிலிருந்து வெட்டிய துண்டை நட்டார்.

புகை நேராக அவர் முகத்துக்குப் போகிறது. முகமூடி இல்லை. கேட்டால் சிரிக்கிறார். இருமல் பதில் சொல்கிறது.

களி முழுதாக இறுக ஒரு நாள். மறுநாள் வெளிப்பக்கத்தில் மெல்லிய பட்டி. தண்ணீர் தொட்டு 400, 800 என்று உப்புத்தாள் தேய்ப்பு. அதன் மேல் ப்ரைமர், நிறம், லேக்கர். கூலி, சர்வீஸ் சென்டர் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லாவற்றையும் அவர் ஒட்டுவதில்லை. துண்டு காணாமல் போயிருந்தால், லாக்குகள் பாதிக்கு மேல் போயிருந்தால், ஹெட்லைட்டைத் தாங்கும் பகுதி உடைந்திருந்தால், "புதிது வாங்குங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார். நான் இருந்தபோது ஒருவர் விரிசல் விட்ட ஹெல்மெட்டை நீட்டினார். கையிலேயே வாங்கவில்லை. "தலையை நான் ஒட்ட முடியாது" என்றார்.

புதிது என்றாலும் சந்தையில் மூன்று ரகம்: கம்பெனி பாகம், கழித்த வண்டியிலிருந்து வந்த பாகம், நகல் பாகம். நகலில் துளைகள் சில மில்லிமீட்டர் விலகியிருக்கும். இழுத்துப் பிடித்து ஸ்குரூவை முறுக்கினால் அதே இடத்தில் மறுபடி விரிசல். கழற்றும்போது தொலைந்த ரப்பர் புஷ், வருஷக்கணக்கில் வெயில், சிந்திய பெட்ரோல் ஆகியவையும் ஏபிஎஸ்ஸுக்கு எமன்கள். நிழலில் நிறுத்துவதும், ஸ்குரூவைக் கையளவு முறுக்கத்தோடு நிறுத்துவதும் செலவில்லாத வைத்தியம்.

பழுதுபார்ப்பதை அரசும் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் வந்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் உரிமையோடு ஒரு பொறுப்பும் வருகிறது என்பதை எனக்குச் சொன்னது மிஸ்திரியின் கேள்விதான். பழைய பைக் வாங்குகிறவன் பெயின்டை மட்டும்தான் பார்க்கிறான். வெறும் சாய்ந்த வண்டியும், நேருக்கு நேர் மோதி ஃபோர்க் வளைந்த வண்டியும், நல்ல பெயின்டுக்குப் பின்னால் ஒரே மாதிரி நிற்கும். அப்படி வாங்கி, நெடுஞ்சாலையில் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது என்று இங்கே வந்து நிற்கும் பையன்களை அவர் அறிவார்.

பேனலை என் கையில் கொடுத்தபோது வெளியே விரிசல் இருந்த சுவடே இல்லை. உள்ளே கம்பி வலை, களி, சுரண்டிய தடம் எல்லாம் அப்படியே தெரிந்தன. அங்கேயும் கொஞ்சம் பெயின்ட் அடிக்கக் கூடாதா என்றேன்.

"மாட்டேன். நாளைக்குத் திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

அடுத்த வாரம் பையன் வந்தான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான், திருப்திப்பட்டான். நான் உள்ளே போய் ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து பேனலைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். விரலால் வலையைத் தடவிப் பார்த்தவன், கொஞ்சம் யோசித்து, இரண்டாயிரம் குறைத்துக் கேட்டான். சரியென்றேன்.

"சார், வேற எங்கேயாவது அடிபட்டிருக்கா?"

"இல்லைப்பா" என்றேன். உடனே நம்பினான்.