மெக்ளஸ்கிகஞ்ச் கண்டோம்

ராஞ்சிக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சால மரக் காடுகளின் நடுவே அமைந்துள்ளது மெக்ளஸ்கிகஞ்ச் என்னும் சிற்றூர். தன்பாத் கோட்டத்தைச் சேர்ந்த இந்நிலையத்தின் பெயரைச் சரக்குச் சீட்டுகளில் பன்முறை எழுதியிருந்தும், ஊரைக் காணும் வாய்ப்பு நமக்குச் சென்ற குளிர்காலத்திலேதான் கிட்டியது. இல்லத்தாரையும் உடன் அழைத்துச் சென்றோம்.

இவ்வூர் தானாக வளர்ந்ததன்று, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த எர்னஸ்ட் திமோத்தி மெக்ளஸ்கி என்னும் ஆங்கிலோ இந்தியப் பெரியார், தம் இனத்தாருக்கென ஒரு சொந்த ஊர் வேண்டும் என எண்ணினார். 1933ஆம் ஆண்டில் குடியேற்றச் சங்கம் ஒன்றை நிறுவி, ராத்து மகாராஜாவிடமிருந்து சுமார் 10,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். நாடெங்கும் இருந்த ஏறக்குறைய இரண்டு இலட்சம் ஆங்கிலோ இந்தியருக்கு அழைப்பு மடல்கள் சென்றன. வந்து குடியேறியவை சுமார் 300 குடும்பங்களே. மெக்ளஸ்கியும் 1935இல் காலமானார்.

வந்தவர்களிற் பலர் இரயில்வேயிலும் பிற அரசுப் பணிகளிலும் இருந்து ஓய்வு பெற்றோர். ஓட்டுக் கூரையும் அகன்ற தாழ்வாரமுமாக வீடுகள் எழுந்தன. மாவும் கொய்யாவும் நடப்பட்டன. ஆயினும் தோட்ட வருவாய் பிள்ளைகளை வாழவைக்கப் போதவில்லை. உள்ளூரில் உத்தியோகம் இல்லை. போருக்குப் பின்னும் விடுதலைக்குப் பின்னும் இளையோர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர்.

இவ்விடத்தில் நம் துறையைப் பற்றி ஒரு சொல். இரயில்வே, சுங்கம், தபால் தந்தி ஆகியவற்றில் இவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு பத்தாண்டுகளுக்கு மட்டுமே நீட்டித்தது. முதல் இரண்டாண்டுகளுக்குப் பின், இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு போலக் குறைத்து, பத்தாம் ஆண்டு முடிவில் முற்றிலும் நீக்குவது ஏற்பாடு. உத்தியோகத்தையே குலத்தொழில்போற் கொண்ட ஓர் இனத்துக்கு அது எத்தகைய அடி என்பதை, மாதச் சம்பளத்தில் வாழும் நாம் எவரும் சொல்லாமலே உணர்வோம். சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் இருந்த நியமன இடங்களும் 2020இல் நின்றன.

இன்று எஞ்சியுள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மிகச் சிலவே. ஆனால் ஊர் மாண்டுபோகவில்லை. 1997இல் டான் பாஸ்கோ பள்ளி திறக்கப்பட்டது. வெளியூர் மாணவர் வந்தனர். அவர்களைத் தங்கவைத்து உணவளிப்பதே பழைய பங்களாக்களுக்குப் புது வருவாயாயிற்று. வேறு சில வீடுகள் கைமாறி விருந்தினர் விடுதிகளாயின. வங்காளத்திலிருந்து வருவோர் பலர். கொங்கணா சென் சர்மா இயக்கிய 2016ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் கதையும் இவ்வூரில் நிகழ்வதே. பக்கத்திலேயே வடகரண்புரா நிலக்கரி வயல் இருத்தலால் கரி வண்டிகளின் நடமாட்டமும் மிகுதி. அதனால் வேலையும் உண்டு, தூசியும் உண்டு.

ஆங்கிலோ இந்தியர் வருமுன்னரே இங்கிருந்தோர் ஒராவொன், முண்டா முதலிய பழங்குடியினர். ஊர்ச் சரித்திரம் பேசுவோர் பெரும்பாலும் இவர்களை மறந்துவிடுகின்றனர். நமக்கு அது முறையாகத் தோன்றவில்லை. குறிப்பாக ஒராவொன் மக்களின் குடுக்கு மொழி நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. மூன்று என்பதை 'மூந்த்' என்கின்றனர். கண்ணுக்கு அவர்கள் வழங்கும் சொல்லும் நம் சொல்லைப் போலவே ஒலிக்கிறது. இதைக் கேட்ட நம் மகள், சந்தையில் காய்கறி விற்ற ஒரு மூதாட்டியிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டி, அவர் எண்ணுவதைக் கேட்டுப் பெரிதும் மகிழ்ந்தாள். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த மொழியைத் தெலுங்குக்காரர் கடைத்தெருவிற் கேட்டாற்போல் இருந்தது என்றார் இல்லத்தரசியார்.

செல்ல விரும்பும் அன்பர்கள் பங்குனி மாதத்தையும் கருதலாம். அப்போது மஹுவா என இங்கே வழங்கும் இலுப்பை மரங்கள் பூக்கும். விடியற்காலையில் உதிர்ந்த பூக்களைப் பழங்குடிப் பெண்கள் கூடைகளிற் பொறுக்கி, உலர்த்தி, விற்பர். பல வீடுகளுக்கு அது ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கு. வெயில் ஏறுமுன் சென்றால் மரத்தடியிலேயே அவர்களைக் காணலாம்.