அந்தக் காலையை விளையாடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விளையாட்டுக் கதையை இரவே வாசித்து முடித்தேன். 2004 டிசம்பர் 26, போயா ஞாயிறு, கல்முனைக் கரை. மேசையைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் கடல் வரப்போவது தெரியும், அவர்கள் ஏற்று ஆடும் ஆட்களுக்குத் தெரியாது. முதல் தடவை ஆடியபோது ஒருவர் சம்மாந்துறைக் கல்யாணத்துக்கும் இன்னொருவர் வயல் பார்க்கவும் கிளம்பி, எட்டரைக்கு முன்னமே கரை வெறிச்சோடிப் போனது என்று எழுதியிருந்தாய்.

அவர்களைக் கோபிக்காதே. நம்ம கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்தக் காலைக்குள் போனால் கடலை விட்டு மேற்கே ஓடத்தான் பார்க்கும். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வந்த காலம் தொட்டு, ஆடுபவருக்குத் தெரிந்ததை அவரது பாத்திரம் பயன்படுத்தக் கூடாது என்பது இந்த விளையாட்டுகளில் பேசப்படுகிற விசயம். ஆனால் “தெரியாத மாதிரி நடியுங்கள்” என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாதவன் தலைக்குள் வேறு என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடு.

மூத்தவாப்பாவை நினைத்துப் பார். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மனுசன் அவர். ஓட்டுக்கூரை பறந்ததையும் தென்னைகள் முறிந்ததையும் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அழிவு என்றால் அவருக்குக் காற்றும் மழையும்தான். அந்த ஞாயிறும் சுபஹு தொழுதுவிட்டு முற்றத்தில் நின்று வானத்தைத்தான் பார்த்தார். காற்று இல்லை. மனசு நிறைவோடு தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார். அவர் அறியாமல் இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தெரிந்தது நிறைய, அது வேறொரு ஆபத்தைப் பற்றியது.

சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது நமக்கு மணி 6.59. கடல் கரையேற இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடும் இல்லை. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேல் மௌத், அதில் நம்ம அம்பாறை மாவட்டத்தில்தான் ஆகக் கூட. அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு சோலி இருந்தது.

அதனால் ஆட்டம் தொடங்க முன்னம் ஒவ்வொருவரும் தன் ஆளின் காலையை ஒரு தாளில் எழுதித் தரட்டும். கரைவலை இழுப்பவருக்குக் கூலி எப்போது கிடைக்கும்? மருதமுனைத் தறிக்காரர் எந்தச் சாரனை இன்றைக்கு முடித்துக் கொடுக்க வேணும்? ஓதப் போன பிள்ளையை யார் கூட்டி வருவது? தாளில் இல்லாத காரணத்துக்காக யாரும் மேற்கே போகக் கூடாது. கடல் எழும்பின பிறகு ஓடட்டும், கத்தட்டும், திரும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கட்டும். “சுனாமி” என்று மட்டும் யாரும் கத்தக் கூடாது. அன்றைக்கு அப்படிக் கத்த நம்மில் ஒருவருக்கும் தெரியாது, “கடல் வருது” என்றுதான் கத்தினோம்.

இன்னொன்று, இது ராத்தாவின் கண்டிப்பு. ஆட வருபவர்களில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள். பாதியில் எழும்பிப் போக நினைப்பவரை ஒரு கேள்வியும் கேட்காமல் விடு.

பெருநாளைக்கு வரும்போது தாள்களைக் கொண்டு வா. மூத்தவாப்பாவின் காலையை நான் எழுதுகிறேன். அவர் யார் யாரோடு பேசினார் என்பது உம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா