பந்தை மேலே தள்ளுவது எது?

திருச்சி தில்லைநகரில், ஒரு வீட்டின் மாடி அறையில் பௌதிகப் பாடங்களைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றி நண்பர் சொன்னபோது, ஆள் ஒன்று, பலகை ஒன்று, பாடமும் ஒன்றே என்றிருக்க, ஒரு வீடியோவைச் சில நூறு பேரும் மற்றொன்றைப் பல்லாயிரம் பேரும் பார்ப்பதன் சூட்சுமம் என்ன என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த அம்மாள் அப்படிச் சொல்ல மறுக்கிறார் என்று கேள்விப்பட்டே புறப்பட்டுப் போனேன்.

விளக்கை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, மைக்கில் புகும் இரைச்சலை எப்படி நீக்குவது என்றெல்லாம் அம்மாளும் அவருடைய வீடியோக்களை வெட்டி ஒட்டும் எடிட்டர் தம்பியும் பொறுமையாக விளக்கினார்கள். பாதி எனக்கு விளங்கவில்லை, மீதியில் சுவாரஸ்யமில்லை. என் கண்ணை இழுத்தது, தம்பியின் திரையில் சரிந்து கிடந்த ஒரு கோடு. வீடியோவின் ஒவ்வொரு கணத்திலும் பார்க்க வந்தவர்களில் எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்று காட்டும் அதற்கு ரிட்டென்ஷன் கிராஃப் என்று பெயராம்.

"இந்தப் பள்ளத்தைப் பாருங்க சார். டீச்சர் வணக்கம் சொல்லி, சேனல் பேரைச் சொல்லி, சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க."

எதிரே முகங்களே இல்லாத வகுப்பில் கொட்டாவியை அறிய இந்த ஒரு கோடுதான் உபகரணம்.

தம்பி பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் 8 வருஷம், முகூர்த்த மாதங்களில் விடிய விடிய, மூன்று மணி நேர வீடியோக்களை வெட்டி ஒட்டியிருக்கிறார். பேசிய தொகையில் எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதே அவருக்குக் கூலி. ஆனால் அங்கேதான் ஞானம் பிறந்திருக்கிறது. "கல்யாண வீடியோவுல எல்லாரும் அவங்கவங்க முகத்தைத் தேடுவாங்க. அது வந்து போனதும் காபி குடிக்கப் போயிடுவாங்க. இங்க வர்ற பையன் தன்னோட தப்பைத் தேடுறான் சார்."

அதன் பொருளை ஆசிரியை விளக்கினார். இயக்க விதிகள் மூன்றையும் 40 நிமிஷம், ஒரு சொல் பிசகாமல் நடத்திய அவருடைய முதல் வீடியோவைச் சீந்துவாரில்லை. ஒரு வருஷம் கழித்து, முகமன் ஏதுமின்றி ரப்பர் பந்தை மேலே எறிந்து, "கையை விட்ட பிறகு இதை மேலே தள்ளுவது எது?" என்று கேட்டபடி ஆரம்பித்த ஆறு நிமிஷ வீடியோவோ ஊரெல்லாம் சுற்றியது. கையின் விசை என்றே பெரும்பாலான பிள்ளைகள் எண்ணுகிறார்கள். கையை விட்டபின் அதன்மேல் செயல்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டுமே (காற்றின் தடையைத் தள்ளிவிட்டால்) என்பதை அவர்கள் மனம் லேசில் ஒப்புவதில்லை.

"முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியதில் நான் சேர்த்த சொத்து அந்தத் தவறுகள்தான் சார்" என்றார்.

வெரிடாசியம் என்னும் புகழ்பெற்ற அலைவரிசையைத் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் ஆராய்ச்சியிலும் இதையே கண்டார்: தெளிவான விளக்கத்தைப் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்தது என்று திருப்தியடைந்தார்களேயன்றிப் பரீட்சையில் அதிகம் முன்னேறவில்லை, தவறான எண்ணங்களை வெளிப்படையாக எடுத்து வாதித்த படத்தைக் குழப்பமானது என்று குறைகூறியவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள்.

கண்ணைப் பறிக்கும் முகப்புப் படம் போதாதா என்று கேட்டேன். 2012 முதல் யூடியூப், திறந்து பார்த்தவர் தொகையைவிடப் பார்த்த நேரத்தையே பெரிதாக மதிக்கிறதாம். ஆகவே ஏமாற்றி அழைத்தால் கோடு விழும், பரிந்துரையும் நிற்கும். இப்படித் தீர்ப்பளிக்கும் அந்த நிறுவனம் நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 45 எடுத்துக்கொண்டு 55 தருகிறது. வாழைமண்டித் தரகர்களைத் திட்டி நான் எழுதிய கட்டுரைகளுக்காக அன்று சற்றே வெட்கப்பட்டேன்.

"எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்தது பந்து வீடியோவா?" என்று விடைபெறுமுன் கேட்டேன்.

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பிதான் சொன்னார்: பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் போட்ட 'முக்கிய வினாக்கள்'. அதில் பந்துமில்லை, ஏன் என்ற கேள்வியுமில்லை; பட்டியல் மட்டுமே.

"அந்த வாரம் மட்டும் நான் உபாத்தியாயர் இல்லை சார்" என்று முணுமுணுத்தவர், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி பந்தை எடுத்தார். வியர்வை வழிய நாங்கள் மூச்சடக்கி நின்றோம். பந்து எழும்பி உச்சியில் கணப்பொழுது தயங்கிய நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

"இன்னொரு டேக், டீச்சர்."