சொந்தக்காரருக்குத் திறக்கும் பூட்டு

கீபோர்டு தேயவில்லை. திரை மங்கவில்லை. பேட்டரியும் ஒரு சினிமா பார்த்து முடிக்கிற அளவுக்குத் தாங்குகிறது. ஆனால் "இதற்கு இனி அப்டேட் வராது" என்ற ஒரே காரணத்துக்காக லேப்டாப்பைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிடுகிறோம். குரோம்புக் வகை லேப்டாப்புகளில் ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு கெடு தேதி உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் தருவதாக 2023-இல் கூகுள் அறிவித்தது நல்ல காரியம். அதற்கு முந்தியவை பல, உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஓய்வு பெற்றுவிட்டன. ஒரு பொருளின் ஆயுளை அதை வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்த உரிமையைக் கையில் எடுக்கிற பிள்ளைகளுக்கு நிதானமும் கூடவே வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்டேட் நின்ற லேப்டாப்புக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் மறுவாழ்வு தரும். சாதாரண லேப்டாப்பில் அதைப் போடுவது பெரிய வித்தை இல்லை. பென்டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்தால் பாதி வேலை முடிந்தது. குரோம்புக் அதற்கு இடம் கொடுக்காது. மதர்போர்டில் எட்டுக் கால் கொண்ட, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது அதில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேர்தான். அடுத்து வருகிற மென்பொருளில் கூகுளின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று அது சோதிக்கும். இல்லையென்றால் மேலே போகவிடாது. டெவலப்பர் மோடுக்குப் போனால் பிடி தளரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கைத் திரை வந்து நிற்கும். முழுதாக விடுபட வேண்டுமென்றால் ஃபர்ம்வேரையே மாற்ற வேண்டும்.

அந்த ஃபர்ம்வேரும் வானத்திலிருந்து குதித்ததல்ல. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் 1999-இல் ரான் மின்னிக் தொடங்கிய லினக்ஸ்பயாஸ் என்ற திட்டம், 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. கூட்டமாகச் சேர்த்து இயக்கும் கணினிகளுக்குக் கம்பெனிகள் மூடி வைத்த பயாஸ் என்ற ஃபர்ம்வேர் ஒத்துவரவில்லை என்பதால் பிறந்த திட்டம் அது. இன்றைய குரோம்புக்குகளின் ஃபர்ம்வேர் அதன் மேல்தான் எழும்பியிருக்கிறது. நாம் மாற்றி எழுதுவதும் அதே கோர்பூட்டின் இன்னொரு வடிவம். மிஸ்டர் குரோம்பாக்ஸ் என்ற பெயரில் மாடல் வாரியாக அதைத் தயாரித்து இலவசமாகத் தருகிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு ஸ்க்ரூ. பழைய குரோம்புக்குகள் பலவற்றில் மதர்போர்டின் மேல் அது இருக்கும். அது முடுக்கியிருக்கும் வரை சிப்பின் முக்கியமான பகுதியில் யாராலும் எதையும் எழுத முடியாது. எங்கோ உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட் வழியாக உள்ளே நுழைகிற திருடனால் அந்த ஸ்க்ரூவைக் கழற்ற முடியாது. லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரால் மட்டுமே முடியும். பின்னால் வந்த பல மாடல்களில் ஸ்க்ரூ போய், பேட்டரியின் இணைப்பைக் கழற்றினால் பூட்டு விலகும்படி செய்தார்கள். எண்ணம் அதேதான். திருடனைத் தடுத்து, சொந்தக்காரருக்கு வழிவிடும் பூட்டு இது. இதை வடிவமைத்த பொறியாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எல்லாப் பூட்டும் இப்படி இருப்பதில்லை. சில பழைய திங்க்பேட் மாடல்களில், கம்பெனியின் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைச் செருகினால் பயாஸ் 1802 என்ற பிழையைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கியவரைத் தடுக்கிற பூட்டு அது.

என் தம்பி மகள் கல்லூரியில் படிக்கிறாள். பழைய லேப்டாப் கடையில் மலிவாக ஒரு குரோம்புக் வாங்கி வந்து, என் மேஜையில் வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தாள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு லேப்டாப் சார்ஜரை நம்பித்தான் ஓடும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சிப் அரைகுறையாக நின்றுவிடும், லேப்டாப் எழுந்திருக்காது. எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பி அந்த வேலையில் இறங்க முடியுமா? யுபிஎஸ்ஸில் சார்ஜரைச் செருகு என்றேன். அடுத்து பேக்கப். பழைய ஃபர்ம்வேரைப் பென்டிரைவில் எடுத்து வைக்கட்டுமா என்று புது ஃபர்ம்வேரை எழுதும் நிரலே கேட்கும். அவசரக்காரர்கள் வேண்டாம் என்று தாண்டிப் போவார்கள். வேறொருவரின் பேக்கப் அப்படியே உதவாது. அந்தச் சிப்பில் உன் லேப்டாப்பின் சீரியல் நம்பரும் மதர்போர்டுக்கே உரிய விவரங்களும் இருக்கின்றன என்றேன். இரண்டு பென்டிரைவில் எடுத்து வைத்தாள்.

எழுதி முடிந்து, ரீஸ்டார்ட் ஆனது. திரை கறுப்பு. ஒரு எழுத்துகூட இல்லை. "பெரியப்பா, செத்துப் போச்சுங்களா?" என்று கேட்டபோதே அவள் விரல் பவர் பட்டன் மேல் இருந்தது. "கையை எடு அம்மிணி" என்றேன். புது ஃபர்ம்வேர் முதல் முறை எழும்போது மெமரியைப் பழக்கிக்கொள்ளும். அதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், திரையில் எதுவும் வராது. அந்த நேரத்தில் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் பழக்கும் வேலை பாதியில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். பயம் தெளியாமல் திரும்பத் திரும்ப அணைப்பவர்கள் நல்ல லேப்டாப்பைச் செத்ததாக நினைத்துக் குப்பையில் போடுவதும் நடக்கிறது. படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடமும் இதே பதற்றத்தைப் பார்க்கிறேன். ஒரு மாதம் பதில் வரவில்லை என்றால் போட்ட முயற்சியையே கலைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்குகிறார்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும் நேரம் வெளியில் இருட்டாகத்தான் தெரியும். சற்று நேரத்தில் திரையில் கோர்பூட்டின் முயல் படம் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உண்மையாகவே எழாமல் போனாலும் வழி உண்டு. சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்வும் கிளிப்பை மாட்டி, சின்ன புரோகிராமர் கருவியால் பேக்கப்பைத் திரும்ப எழுதலாம். சிப்புக்கு 1.8 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா என்று பார்க்காமல் மாட்டினால் சிப்பே போய்விடக்கூடும். சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுபோல இருந்தால் மட்டும் மேலே போக வேண்டும். இதெல்லாம் இன்டெல், ஏஎம்டி பிராசசர் உள்ள மாடல்களுக்குத்தான். ஏஆர்எம் பிராசசர் உள்ளதை இதற்கென்று வாங்கி ஏமாற வேண்டாம். சில மாடல்களில் லினக்ஸ் ஏறினாலும் ஸ்பீக்கர் பேசாது. அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தம்பி மகளின் தோழி ஒருத்தி இன்னொரு குரோம்புக்கைக் கொண்டு வந்தாளாம். அது அவளுடைய அக்கா வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்தது என்று தெரிந்ததும் இவள் தொட மறுத்துவிட்டாள். பொருள் கம்பெனியுடையது, அவர்களிடம் எழுதி வாங்கி வந்தால் செய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.