வாசலில் ஒரு பெஞ்ச்

புது வீட்டு பிளானைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தபோது, அதில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பூஜை அறை, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி வரைக்கும். செருப்புக்கு மட்டும் இல்லை.

"அதுக்கென்னம்மா, கடையில ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போட்டுக்கலாம்" என்றார் மேஸ்திரி.

மருமகளுக்கு மனம் ஒப்பவில்லை. தாம்பரத்து வாடகை வீட்டிலும் அப்படி ஒரு ஸ்டாண்டுதான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ரெயின்கோட்டுகள் மாடிப்படிக் கைப்பிடியில் சொட்டிக்கொண்டிருக்கும். ஹெல்மெட் ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிடும். மகளின் ஸ்கூல் ஷூ காயாமல் பூஞ்சை பிடித்து நாறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக எண்ண உட்கார்ந்தாள். ஐந்து பேருக்கு 17 ஜோடி. தினமும் காலில் ஏறுபவை 9தான். மற்றதெல்லாம் கல்யாணம், காட்சிக்கு. அவற்றை உள்ளே பீரோவுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

18-வது ஜோடி பரணில் கிடைத்தது. பழைய பேப்பரில் சுற்றிய மாமனாரின் வாக்கிங் ஷூ. அடி அதிகம் தேயவில்லை.

"ஏன் மாமா இதைப் பரண்ல போட்டீங்க? பனின்னுதானே வாக்கிங்கை நிறுத்தினீங்க?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "பனியெல்லாம் இல்லம்மா. ஒத்தக் கால்ல நின்னு ஷூ மாட்டும்போது ஒருநாள் விழப் பார்த்தேன். உட்கார்ந்து போடணும்னா ஹால்ல இருந்து நாற்காலியைத் தூக்கிட்டு வரணும். எல்லாரும் தூங்கற நேரம். எதுக்கு?"

எட்டு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத காரணம் அது.

அன்று சாயங்காலமே டேப்பை எடுத்தாள். மாமனாரை ஸ்டூலில், நாற்காலியில், கட்டிலில் மாற்றி மாற்றி உட்காரச் சொன்னாள். முழங்காலில் கை ஊன்றாமல் அவரால் எழ முடிந்த உயரம் 18 அங்குலம்.

"வாசல்ல பெஞ்ச் கட்டினா ஹால்ல ஒரு அடி போயிடுமே, பெரிய சோபா போட முடியாதே?" என்றார் கணவர்.

"சின்ன சோபா போடலாம்."

மாமியாருக்கு வேறு கவலை. "செருப்புக்கு மேலயா மனுஷங்க உட்காருவாங்க?"

ஆனாலும் பெஞ்ச் எழுந்தது. 4 அடி நீளம், 14 அங்குல அகலம். மழைத் தண்ணீரில் பிளைவுட் ஊறி உப்பிவிடும் என்பதால் கடப்பா கல். அடியில் இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றிலும் 7 அங்குல இடைவெளி. தட்டுக்கு ஐந்து ஜோடி வீதம் 10 ஜோடி நிற்கும். கதவு வைத்தால் பார்க்க அழகுதான். ஈர ஷூவுக்குக் காற்று வேண்டுமே! திறந்தே விட்டார்கள். எழும்போது பிடித்துக்கொள்ள பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்டீல் கம்பி. எதிர்ச் சுவரில் ரெயின்கோட்டுக்குக் கொக்கிகள், மகளுக்கு மட்டும் மூன்றரை அடி உயரத்தில். சொட்டும் தண்ணீர் வெளியே ஓட, அந்த இடத்துத் தரைக்குக் கொஞ்சம் வாட்டம். ஹெல்மெட்டுகளுக்கு மேலே ஒரு ஷெல்ஃப்.

தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்தது. உறவுக்கூட்டம் கிளம்பிய பிறகு, அந்த பெஞ்சில் முதலில் உட்கார்ந்தது மாமியார்தான். மடியில் சின்ன வெங்காய முறம். "எங்க ஊர்த் திண்ணை மாதிரி இருக்குடி" என்றார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மருமகள் எழுந்து வந்து வாசல் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மேல் தட்டில் ஒரு ஜோடிக்கான இடம் காலியாக இருந்தது.