நூறு வருஷமா நிக்குது, இனியா விழப்போகுது?

1989 மார்ச் 17. வடக்கு இத்தாலியின் பாவியா நகரம் அப்போதுதான் காலை வேலைகளைத் தொடங்கியிருந்தது. பேராலயத்தை ஒட்டி நின்ற பழைய செங்கல் கோபுரம் திடீரென்று சரிந்து குவியலானது. 78 மீட்டர் உயரம், சுமார் 900 வயது. நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

இத்தனைக்கும் அது சாய்ந்த கோபுரம் என்று பெயர் வாங்கியது அல்ல. அந்தப் பெயருக்குச் சொந்தமானது அதே நாட்டின் பைசா கோபுரம். உச்சி நாலரை மீட்டர் அளவுக்குத் தெற்கே தள்ளி நின்றது. நிமிர்ந்ததே விழுந்துவிட்டது, சாய்ந்தது என்னவாகும்? 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தைப் பூட்டினார்கள்.

பாவியாவில் நடந்தது என்ன? அதன் சுவர் வெளிப்பார்வைக்குத்தான் கனமான செங்கல் சுவர். உள்ளே நிரப்பியிருந்தது உடைகல்லும் சுண்ணாம்பும். 16-ம் நூற்றாண்டில் உச்சியில் கனமான மணிக்கூடம் ஒன்றையும் ஏற்றினார்கள். அந்த எடையைத் தாங்கித் தாங்கியே சுவர் உள்ளுக்குள் நைந்துபோனது. விழுந்த கற்களைச் சோதித்த பிறகுதான் இது தெரிந்தது.

பைசாவிலும் சுவரின் உள்ளே உடைகல்தான். கூடவே அடியில் மெத்தென்ற களிமண். 1173-ல் தொடங்கிய வேலை, சில மாடிகளோடு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நின்றுபோனது. அதுவே நல்லதாயிற்று. அந்த இடைவெளியில் மண் இறுகியது. தொடர்ந்து கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

பைசாவைக் காப்பாற்ற அமைந்த குழுவில் ஒருவர் லண்டன் பேராசிரியர் ஜான் பர்லண்ட். கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதே இவர்களுக்குப் பெரிய கேள்வி. 1995 செப்டம்பரில் அது உயிர்க்கேள்வியானது. அடித்தள வேலைக்காகத் திரவ நைட்ரஜன் விட்டு நிலத்தடி நீரை உறைய வைத்தபோது கோபுரம் தெற்கே நகரத் தொடங்கியது. வழக்கமாக ஓராண்டில் சாயும் அளவுக்கு ஒரே இரவில் சாய்ந்தது! உடனே வேலையை நிறுத்தி, வடக்குப் பக்கத்தில் மேலும் ஈயக்கட்டிகளை ஏற்றிப் பிடித்து நிறுத்தினார்கள்.

பிறகு எடுத்த வழி எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டியது. கோபுரத்தின் வடக்கே, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை உருவினார்கள். தினமும் வரும் அளவுகளைப் பார்த்த பிறகே, அடுத்து எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்தார் பர்லண்ட். உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் கதவு மறுபடி திறந்தது.

2023-ல் இதே இத்தாலியின் பொலோனியா நகரில், கரிசெண்டா கோபுரத்தைச் சுற்றி ஆட்கள் வராமல் அடைத்தார்கள். அது பல நூற்றாண்டுகளாகச் சாய்ந்தே நிற்கும் கோபுரம்தான். கருவிகள் புதிய அசைவுகளைக் காட்டியதால், விழும்வரை காத்திருக்கவில்லை.

நம் பழைய வீடுகளுக்கும் இதே பாடம் பொருந்தும். விரிசல் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி வைக்கலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இடிக்கிறதா? சுவர் வயிறு தள்ளுகிறதா? மழைக்குப் பிறகு விரிசல் அகலமாகிறதா? இதில் எது தெரிந்தாலும் பூசி மறைக்காமல் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சுவரின் பக்கம் யாரும் படுக்கக் கூடாது.

"நூறு வருஷமா நிக்குது, இனியா விழப்போகுது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பாவியா கோபுரம் 900 வருஷம் நின்றது. முந்தின நாள் மாலையும் நின்றுகொண்டுதான் இருந்தது.