படத்தின் மூலையில்

பழவேற்காட்டில் பூநாரையைப் படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. தை மாதத்தில் படகில் போய், ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றி நெருங்கினால் போதும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. தை மாதத்தில் அங்கே இளஞ்சிவப்புக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

அப்படிப் பார்த்த ஒரு படத்தில், பறவைகள் நகர்ந்துபோன சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மண்திட்டு. யாரோ அளந்து தோண்டியதைப் போல அத்தனை ஒழுங்கு. தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. பூநாரை தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து காலால் சேற்றை மிதித்துக் கலக்குமாம். கலங்கிய நீரை அலகால் வடிகட்டிச் சிற்றுயிர்களைத் தின்னுமாம். நான் பறவையைப் படம் எடுக்கப் போய், அது சாப்பிட்ட இலையையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறேன்.

அதே படத்தின் மேல் மூலையில் இரண்டு கரும்புள்ளிகள். வாத்தாக இருக்கும் என்று பெரிதாக்கினேன். மனிதத் தலைகள். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் தடவி எறா பிடிக்கும் இருளர் பெண்கள். முழங்கால் தண்ணீரில் குந்தியபடியே நகர்வதால் தலை மட்டும் தெரிகிறது. வலை இல்லை, படகு இல்லை. பூநாரைக்குக் கால், இவர்களுக்குக் கை. இரண்டு தரப்புக்கும் பிழைப்பு அந்த ஒரு சாண் சேற்றில். படகிலிருந்து பார்த்தபோது இவர்கள் என் கண்ணிலேயே படவில்லை.

அடுத்த முறை போகையில் சில படங்களை அச்சிட்டு எடுத்துப்போய்ப் படகுக்காரரிடம் கொடுத்தேன். பூநாரைகளை மளமளவென்று தள்ளினார். முகத்துவாரப் பக்கம் கம்புகளின் மேல் ஆலாக்கள் உட்கார்ந்திருந்த படத்தில் கை நின்றது.

"இது பாடு எடம் சார். அன்னைக்கு எங்க மொறை இல்ல."

எறா நிறையக் கிடைக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடுதான் பாடு. முறை இல்லாத நாளில் அங்கே வலை போடக் கூடாது. அது சரி, படத்தைப் பார்த்தே யாருடைய முறை என்று எப்படிச் சொல்கிறார்? ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற படகைக் காட்டினார். பக்கத்துக் குப்பத்துப் படகு, அவருடைய மச்சானுடையதாம். அது எப்படி என் படத்துக்குள் வந்தது என்று எனக்கே தெரியாது.

அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கரைக்குத் திரும்பும் வழியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்:

"சார், இந்தப் பறவைங்கள எடுத்துட்டு, படகை மட்டும் பெருசா போட்டுத் தர முடியுமா?"